உரிமை உண்டு... சொல்ல ஆள் இல்லை!

கட்டட வேலைக்குப் போன ஒரு கொத்தனார், சாரம் சரிந்து விழுந்து இறந்துபோகிறார். வயது 42. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வாடகை பாக்கி, அடகில் கிடக்கும் நகை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சாவு இது. இதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன கிடைக்க வேண்டும்?

எழுதிப் பார்த்தால் பட்டியல் நீள்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேறு ஆதரவு இல்லையென்றால் விதவை உதவித்தொகை உண்டு. 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பமென்றால், சம்பாதித்துப் போட்டவர் 60 வயதுக்குள் இறந்ததற்காக தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய். கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து மரண நிவாரணமும், ஈமச்சடங்கு உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும். வேலை செய்த இடத்தில் இறந்ததால், சட்டப்படி வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு இருந்திருந்தால் 2 லட்சம். 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடும் இருந்திருந்தால் இன்னும் 2 லட்சம். வருமான வரம்புக்குள் வரும் குடும்பமென்றால், பிள்ளைகளின் பராமரிப்புக்கு மிஷன் வத்சல்யா திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய்.

இத்தனையும் நடைமுறையில் இருப்பவை. ஒன்றுகூட யாரும் போடும் பிச்சை இல்லை. ஆனால், கருமாதி முடிந்த வீட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, உங்களுக்கு இவையெல்லாம் உண்டு" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. விவரம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் இருந்தால் பாதி கிடைக்கும். இல்லாவிட்டால், ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லிக் கேட்ட ஒன்றிரண்டோடு முடிந்துபோகும். இந்த நிலை மாற வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதுவரை எங்கே, எப்படித் தேடுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு சாவு, ஆறு அலுவலகங்கள்

விதவை உதவித்தொகைக்கு தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். வாரியப் பணத்துக்கு மாவட்டத் தலைநகரில் இருக்கும் தொழிலாளர் நல அலுவலகம். வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்பதென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரி. அது வேறு அலுவலகம். காப்பீட்டுக்கு வங்கிக் கிளை. பிள்ளைகளுக்கான உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரை மாற்ற வட்ட வழங்கல் அலுவலகம். இவ்வளவுக்கும் முன்னால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாரிசுச் சான்றும் வருமானச் சான்றும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறி வர வேண்டும்.

தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண், ஒரு நாள் தாலுகா அலுவலகம் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸுக்கு இப்போது காசு வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். ஆனால் போன இடத்தில் "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வாங்க" என்ற பதில் வந்தால், இன்னொரு நாள் கூலியும் போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது பாவம்.

அப்புறம் இந்தப் பெயர்ப் பிரச்சினை. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி, மூன்றாவதில் லெட்சுமி. ஆங்கில எழுத்தில் போகும்போது ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. கல்யாணமானால் பெண்ணின் இனிஷியல் மாறுகிறது. இது ஊரறிந்த நடைமுறை. அந்த ஊரறிந்த விஷயம் கணினிக்குத் தெரியாததால் விண்ணப்பம் தள்ளுபடியாகிறது. "பெயர் பொருந்தவில்லை" என்று வரும் ஒற்றை வரிக் குறுஞ்செய்தியோடு எங்கே போய் யாரைப் பார்ப்பது என்பது அந்தக் குறுஞ்செய்தியில் இருக்காது.

பணம் அனுப்பப்பட்ட பிறகும் தொல்லை தீராது. அரசு உதவிகளில் பல, ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகின்றன. நூறு நாள் வேலைக்காக ஒரு கணக்கு, மகளிர் குழுவுக்காக இன்னொன்று, கேஸ் மானியத்துக்காக மற்றொன்று என்று வைத்திருப்பவருக்கு, பணம் எதில் விழுந்தது என்றே தெரியாது. மறந்துபோன கணக்கில் மாதாமாதம் பணம் ஏறிக்கொண்டிருக்க, "எனக்கு வரவே இல்லை" என்று மனுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்துகொண்டதும் நடந்தது. அரசு கண்டித்தது. கண்டிக்கும் அளவுக்கு அந்தச் செய்தி வெளியே வந்ததே பெரிய விஷயம்.

பிறப்புக்குத் தேடி வருகிறார்கள்

நம் மாநிலத்தில் அரசு தேடி வந்து உதவும் வழக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. மிக அருமையாக இருக்கிறது.

ஒரு கிராமத்தில் ஒரு பெண் கர்ப்பமானால், கிராம சுகாதார செவிலியருக்கு அது தெரிந்துவிடும். அவர் வீட்டுக்கே வந்து பதிவு செய்கிறார், எண் கொடுக்கிறார், ஊசி போடும் தேதியைச் சொல்கிறார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அவரே வழிகாட்டுகிறார். 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் வரை வளர்ந்த திட்டம் அது. தவணை தாமதமாகிறது என்ற புகார்கள் உண்டு. ஆனால் "இப்படி ஒரு திட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது" என்று சொல்லும் தாயைப் பார்ப்பது அரிது. ஏனென்றால், சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது, தெருக்காரர்கள் அவரை "நர்ஸம்மா" என்று கூப்பிடுகிறார்கள்.

கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிக்கும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு, கல்லூரியே விண்ணப்பத்தை வாங்கிப் பதிவேற்றுகிறது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வனும் இதே வழியில் நடக்கிறது. காலை உணவுக்கு விண்ணப்பமே கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் வந்தால் சாப்பாடு.

ரேஷனையும் சொல்ல வேண்டும். 1997-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஏழை, ஏழை அல்லாதோர் என்று பிரித்து ரேஷன் தரச் சொன்னபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்ற முறையைத் தக்கவைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசி இலவசம். நான் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லாததால்தான், உண்மையிலேயே ஏழையான குடும்பம் அதில் விடுபடுவது குறைவு. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21 காலத்தில் தமிழ்நாட்டின் விகிதம் 2.2 சதவிகிதம் என்று வந்ததற்கு, இப்படி எல்லோருக்கும் பொதுவாக நின்ற திட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

பிறப்பிலும் படிப்பிலும் தேடி வருகிற அரசு, சாவிலும் முதுமையிலும் ஊனத்திலும் "நீ தேடி வா" என்கிறது. இங்கேதான் மனசு ஆறவில்லை. அந்தக் கொத்தனாரின் இறப்பு அரசுக்குத் தெரியாததல்ல. பிரேதப் பரிசோதனை நடந்தது அரசு மருத்துவமனையில். வழக்கைப் பதிந்தது காவல் நிலையம். இறப்பைப் பதிந்து சான்று கொடுத்ததும் அரசுதான். மூன்று துறைகளுக்குத் தெரிந்த சாவை நான்காவது துறைக்கு அந்தப் பெண் போய்ச் சொல்லி, ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

முதியோர் உதவித்தொகையின் கதை இன்னும் பழையது. 1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றும் "ஓ.ஏ.பி. எழுதிக் கொடுத்தேன், வரலை" என்பது எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கிற வாசகம். பட்டியலில் இருக்கும் யாராவது இறந்தால்தான் புதிதாக ஒருவருக்கு இடம் என்று கிராமத்தில் பேசிக்கொள்வார்கள். தேசியத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எண்ணிக்கை வரம்பு இருப்பது உண்மை. 60 முதல் 79 வயது வரை உள்ள ஒருவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதே 200. மீதியை மாநிலம் போடுகிறது. 200 ரூபாய்க்கு இன்று என்ன வாங்க முடியும் என்று டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களை யாராவது கேட்க வேண்டும்.

"தள்ளுபடி" என்று வந்தால் முடிந்ததா?

இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனித்துப் படியுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு 2023-ல் சுமார் 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. மீதி ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தார்கள். செய்தவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். அடுத்த கட்டமாக நவம்பரில் சேர்க்கப்பட்டவர்கள் 7.35 லட்சம்.

மேல்முறையீடு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தகுதியானவர்களாகவே இருந்திருக்கிறார்கள். மேல்முறையீடு செய்யாமல் விட்ட நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனைவரும் தகுதியானவர்கள் என்று நான் சொல்லவில்லை. கார் வைத்திருந்தவர்கள், வருமான வரி கட்டியவர்கள் அதில் இருந்திருக்கலாம். ஆனால் "இல்லை என்று சொல்லிவிட்டார்கள், விட்டுவிடு" என்று வீட்டில் உட்கார்ந்த ஏழைப் பெண்கள் அதில் எத்தனை பேர் என்பதை யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. முதல் பதிலே முடிவான பதில் என்று நம்பப் பழகிவிட்டோம். எந்த நிராகரிப்புக்கும் எழுத்தில் காரணம் கேளுங்கள். காரணம் தெரிந்தால், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஏதோ ஒரு ஆவணக் கோளாறாகத்தான் இருக்கும்.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். செங்கல் சுமந்து, பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்பதில்லை. விற்பனையாளர் கையை விரித்தால் அப்படியே திரும்பிவிடக் கூடாது. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தானது, பட்டினியால் குழந்தை செத்தது என்றது குடும்பம். மாநில அரசு மறுத்தது. நாடே அதிர்ந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில், ஆதார் இல்லை, ரேகை பதியவில்லை என்ற காரணங்களுக்காக உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுப்பதுதான் முறை. மறுத்தால் 1967 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

பக்கத்து மாநிலம் என்ன செய்தது?

கேரளத்தில் 2021-ல் அதிதீவிர வறுமையில் இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்தார்கள். 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் போட்டார்கள். இந்த வீட்டுக்கு மருந்து வேண்டும், அந்த வீட்டுக்குக் கூரை வேண்டும் என்று. ரேஷன் கார்டும் ஆதாரும் வாக்காளர் அட்டையும் இல்லாதவர்களுக்கு ஆவணம் வாங்கித் தருவதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலம் என்று அறிவித்தபோது, கணக்கெடுத்த முறையைக் கேள்வி கேட்ட பொருளியலாளர்களும் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். அலுவலர் வீட்டுக்குப் போனார், ஏழை அலுவலகத்துக்கு அலையவில்லை என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ராஜஸ்தான் இன்னொரு வழி காட்டியது. அங்கே 2019-ல் மக்கள் இயக்கங்களின் வற்புறுத்தலால் வந்த 'ஜன் சூச்னா' இணையதளத்தில், ஊர் வாரியாக ரேஷன், பென்ஷன் விவரங்களைக் கேட்காமலேயே பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, அரசே தானாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த முயற்சி இது.

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' என்று முகாம்கள் நடந்தன. 2025 ஆகஸ்டில், 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' தொடங்கியது. எல்லாமே நல்ல முயற்சிகள். ஆனால் முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு குடும்பத்தின் கஷ்டம் முகாம் தேதி பார்த்து வருவதில்லை. நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். ஊராட்சிக்கு ஒருவராவது வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

முதலில் வங்கிப் புத்தகம். குடும்பத்தில் யாராவது இறந்தால், அவருடைய எல்லா வங்கிப் புத்தகங்களையும் என்ட்ரி போட்டு வாங்கிவிடுங்கள். மே மாதக் கடைசி வாரத்தில் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். கணக்குத் தொடங்கிய அன்று கையெழுத்து வாங்கிய படிவங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்; அவரே மறந்திருப்பார். பிடித்தம் இருந்தால் அந்தக் கிளையில் உரிமைகோரல் படிவம் கேளுங்கள். விபத்தென்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும். இறந்தவர் கம்பெனியிலோ மில்லிலோ பி.எஃப். பிடித்தத்தோடு வேலை பார்த்தவரென்றால், பி.எஃப். பணத்தோடு அதில் அடங்கிய காப்பீட்டுத் தொகையும் உண்டு; அதையும் மறக்காமல் கேட்க வேண்டும்.

வேலையிடத்து விபத்துக்கான இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். மேஸ்திரி கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

நோய் என்று வந்தால், நகையை அடகு வைப்பதற்கு முன் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டர் எங்கே என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. கார்டு இன்னும் எடுக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கார்டை எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

கட்டடம், தையல், ஆட்டோ, வீட்டு வேலை, சலவை என்று எந்த அமைப்புசாராத் தொழில் செய்தாலும் வாரியத்தில் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அட்டை காலாவதியாகி, அதற்கப்புறம் விபத்து நடந்த குடும்பங்களின் வேதனை சொல்லி மாளாது.

மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று போன்ற வருவாய்த்துறைச் சான்றுகளுக்கு 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். யாராவது லஞ்சம் கேட்டால் 1064. மனுவுக்கு பதிலே இல்லையென்றால் முதலமைச்சர் உதவி மையம் 1100, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். அதற்கும் அசையவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒற்றைக் கேள்வி பல கோப்புகளை நகர்த்தியிருக்கிறது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு கதவு. தாலுகா நீதிமன்ற வளாகங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. கோர்ட் வழக்குக்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிடுகிறோம். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஒருவருக்கு எவையெல்லாம் பொருந்தும் என்று கண்டறிந்து, விண்ணப்பிக்க உதவி, மறுக்கப்பட்டால் கூடவே நிற்க வேண்டும் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2015-லேயே தனித் திட்டம் வகுத்திருக்கிறது. பெண்களும், குழந்தைகளும், பட்டியலினத்தவரும், பழங்குடியினரும், மாற்றுத் திறனாளிகளும் அங்கே இலவச உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

அரசிடம் நாம் கேட்பது பெரிய காரியமில்லை. இறப்புச் சான்றை அச்சிடும் அதே கணினி, அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தக்கூடிய உதவிகளையும் அலுவலகங்களையும் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சிட்டு, சான்றோடு சேர்த்துக் கொடுக்கட்டும். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியைத் தேடிப் போவதுபோல, சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் ஓர் ஊழியர் போகட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கங்களைக் கிழித்து, தேவைப்படும் குடும்பத்திடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவரென்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரோடு தாலுகா அலுவலகம் வரை போய் வாருங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.